82.33 சதவீதம் நகரமாம், குமரியில் கிராமமே இல்லையாம்!

தேரூர்த்தவளை எழுதியது:

நேற்று சாலை நிதி பற்றிய பேச்சில் நொய்யல்கரை ஒன்றைக் கொளுத்திப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அப்படியே தருகிறேன்: "2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் 82.33 சதவீதம் பேர் நகரவாசிகள். தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்தபடி. கிராமமே இல்லாத மாவட்டத்துக்குக் கிராமச் சாலை எதற்கு?"

படித்ததிலிருந்து எரிச்சலாக வருகிறது. நான் இருப்பது தேரூர். கணக்குப்படி நகரம், ஏனென்றால் பேரூராட்சி. மாடியில் ஏறி நின்றால் ஒரு பக்கம் குளம், மறுபக்கம் வயல். மழைக்காலத்தில் தவளைச் சத்தத்துக்கு மேல் கத்தினால்தான் போனில் பேச முடியும். அறுப்பு முடிந்தால் வைக்கோலைத் தார்ச்சாலையில்தான் காயப் போடுகிறார்கள். அந்த வைக்கோல் மேல் பைக் ஓட்டிப் போகிற நான் நகரவாசி. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். மெட்ரோ எப்போது வரும்?

நொய்யல்கரை எழுதியது:

எண்ணை நான் வீட்டில் உட்கார்ந்து இட்டுக்கட்டவில்லை. மொத்தம் 18,70,374 பேர். நகரம் 15,39,802. கிராமம் 3,30,572. வகுத்துப் பாருங்கள், 82.33 வரும். எங்கள் கோவை மாவட்டமே 75.73தான். இதில் என் கற்பனை எங்கே இருக்கிறது? தவளை எங்கள் ஊரிலும் கத்துதுங்க.

டெல்டாக்காரன் எழுதியது:

நொய்யலில் இன்னும் தவளை உயிரோடு இருக்கிறதா? நல்ல சேதி.

ரிட்டயர்டு வாத்தியார் எழுதியது:

இந்த 82.33 பற்றிப் பேச இங்கே தகுதி உள்ளவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். 2011 பிப்ரவரியில் வீடு வீடாகப் படி ஏறியவன். குலசேகரத்துக்கு மேலே மலையோரத்தில் ஒரு பேரூராட்சியில் எனக்கு ஒரு பிளாக் ஒதுக்கினார்கள். நூற்றுச் சொச்சம் வீடு, எல்லாம் மேடு. மொத்தம் 29 கேள்வி. அதில் தொழில் பற்றிய கட்டத்தில் நான்கே எண்தான் எழுதலாம். 1 சொந்த விவசாயி, 2 விவசாயத் தொழிலாளி, 3 வீட்டுத் தொழில், 4 மற்றவை. ரப்பர், தேயிலை, காப்பித் தோட்டத்தில் வேலை செய்பவர் 2 அல்ல, 4. பயிற்சியிலேயே இதைத் தனியாகச் சொன்னார்கள்.

ஒரு வீட்டில் காலை ஏழு மணிக்கு ஒரு மனிதர் நெற்றியில் விளக்கு, கையில் ரப்பர் பால் வாளியோடு வந்தார். மூன்று மணிக்கே ரப்பர் வெட்ட, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்க, போய்விட்டாராம். விரலெல்லாம் பால் உலர்ந்து நூல் நூலாக ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் பெயருக்கு நேரே நான் 4 என்று எழுதினேன். மரத்தோடு வாழ்கிற மனிதன் விவசாயத்தில் சேராதவன் ஆகிவிட்டான். அவனைப் போல ஆயிரம் பேர், உடனே ஊர் நகரம்! உங்கள் 82.33இன் ரகசியம் அந்த 4தான். எழுதிய பேனா இன்னும் வீட்டில் இருக்கிறது.

தேரூர்த்தவளை எழுதியது:

வாத்தியார் சொன்னதுதான் சரி. நொய்யல்கரை இதற்குப் பதில் சொல்லட்டும்.

ஒட்டுப்பால் எழுதியது:

வாத்தியாருக்கு வணக்கம். ஒரு சின்ன சந்தேகம். பிப்ரவரியில் ரப்பர் மரம் இலை உதிர்த்துத் தளிர்க்கிற சமயம். வெட்டை நிறுத்திவிடுவார்கள். எங்கள் அப்பா முப்பது வருடம் வெட்டியவர். பிப்ரவரியில் அவர் கையில் வாளியை நான் பார்த்ததில்லை. பால் சொட்டுகிற சிரட்டையைக்கூடக் கவிழ்த்து வைத்துவிடுவார். உங்களுக்கு மட்டும் பால் எங்கிருந்து வந்தது?

முஞ்சிறை அக்கா எழுதியது:

எல்லாரும் ஒரு நிமிடம் நில்லுங்கள். நகரம் என்பதற்குக் கணக்கெடுப்பில் இரண்டு வழி இருக்கிறது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்று அரசு அறிவித்திருந்தால் அது நகரம், அங்கே யார் என்ன வேலை செய்தாலும் சரி. இரண்டாவது, ஊராட்சியாக இருந்தும் 5,000 பேருக்குக் குறையாமல், சதுர கிலோமீட்டருக்கு 400 பேருக்குக் குறையாமல், முதன்மைத் தொழிலாளர்களான (வருடத்தில் ஆறு மாதமாவது வேலை செய்கிற) ஆண்களில் 75 சதவீதமாவது விவசாயம் அல்லாத வேலையில் இருந்தால் அதைக் கணக்கெடுப்பு நகரம் என்பார்கள். வாத்தியார் போனது பேரூராட்சி. அங்கே அவர் 4 போட்டாலும் 2 போட்டாலும் அது நகரம்தான். இந்த 4 சண்டையே அங்கே பொருந்தாது.

நொய்யல்கரை எழுதியது:

அக்கா, அதெல்லாம் சரி. நகரம்தானே? 82.33தானே? அதைத்தான் நானும் சொன்னேன்.

ரிட்டயர்டு வாத்தியார் எழுதியது:

தம்பி ஒட்டுப்பால், உங்கள் அப்பா ஒரு தோட்டத்தில் வெட்டினார். நான் நூற்றுச் சொச்சம் வீடு பார்த்தேன். எல்லாத் தோட்டத்திலும் ஒரே நாளில் இலை உதிராது. மலைக்கு மேலே ஒரு கணக்கு, கீழே ஒரு கணக்கு. நான் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல நீங்கள் யார்?

அம்மா முஞ்சிறை, புத்தக விளக்கம் எனக்கும் தெரியும். நான் சொல்வது களத்து உண்மை.

ஒட்டுப்பால் எழுதியது:

இலை உதிர்வில் மேலே கீழே வித்தியாசம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதிகாலை மூன்று மணிக்கு வெட்டப் போய் ஏழு மணிக்கே பாலோடு வீட்டுக்கு வர முடியாது. வெட்டி முடித்தபின் பால் சொட்டி நிற்கவே இரண்டு மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். அப்புறம்தான் மரம் மரமாகப் போய் எடுத்து, வடிகட்டி, ஆசிட் ஊற்றி, ஷீட் அடிப்பது. ஏழு மணிக்கு வீட்டு வாசலில் வாளியோடு நின்றவர் பால்வெட்டுக்காரர் அல்ல. பசும்பால் வாங்கப் போனவராக இருக்கலாம்.

டெல்டாக்காரன் எழுதியது:

நெற்றியில் விளக்கோடு பசும்பாலா? 😂

ரிட்டயர்டு வாத்தியார் எழுதியது:

சிரியுங்கள். முப்பத்தைந்து வருடம் கரும்பலகை முன் நின்றவனுக்கு இந்தச் சிரிப்பு புதிதல்ல. ஏழு மணி என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். பத்தாகக்கூட இருந்திருக்கலாம். வாளி இருந்தது. 4 போட்டேன். அதுதான் விஷயம்.

இன்னொன்றும் சொல்கிறேன். இது அநேகமாக 2010 ஜூன் மாதம் கணக்கெடுப்பின் முதல் கட்டமான வீட்டுப் பட்டியல் எடுக்கப் போனபோது பார்த்ததாகவும் இருக்கலாம். அப்போதும் அதே பிளாக்தான் எனக்கு. மழை; தண்ணீர் பாலில் விழாமல் இருக்க மரத்துக்கெல்லாம் பிளாஸ்டிக் பாவாடை கட்டியிருந்தார்கள். அதுவும் நன்றாக நினைவிருக்கிறது.

ஒட்டுப்பால் எழுதியது:

ஆகா. ஜூனில் எடுத்த வீட்டுப் பட்டியலில் 35 கேள்வி. சுவர் எதால் ஆனது, கூரை என்ன, கழிப்பறை உண்டா, டிவி உண்டா என்று. தொழில் கேள்வியே அதில் கிடையாது. 1, 2, 3, 4 எல்லாம் பிப்ரவரிப் படிவத்தில்தான். அப்படியானால் பால் ஜூனில், 4 பிப்ரவரியில். எட்டு மாதம் அந்த வாளியைக் கையில் வைத்துக்கொண்டா நின்றார் அந்த மனிதர்?

ரிட்டயர்டு வாத்தியார் எழுதியது:

அரைகுறையாகப் படித்துவிட்டு வாதாட வரக்கூடாது. 2010இல் வீட்டுப் பட்டியலோடு தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டுப் படிவமும் சேர்த்தே நிரப்பினோம். அதில் தொழில் கேட்டார்கள். கேட்டார்களா இல்லையா? உங்களுக்கு அப்போது என்ன வயது? எட்டாம் வகுப்பா?

ஒட்டுப்பால் எழுதியது:

அதில் தொழில் கேட்டது உண்மை. ஆனால் அங்கே 4 என்ற எண் இல்லையே, சாரே. நீங்கள் 4 போட்டது எந்தப் படிவத்தில்? பிப்ரவரியா ஜூனா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

தேரூர்த்தவளை எழுதியது:

பால்வெட்டு எந்த மாதமாக இருந்தால் என்ன? என் கேள்வி நொய்யல்கரைக்கு. எங்கள் ஊர் நகரம் என்று யார் முடிவு செய்தது? 2004இல் பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சி என்று அரசாணை போட்டு மாற்றினார்கள். 2006இல் மறுபடியும் பேரூராட்சி என்றார்கள். இடையில் இரண்டு வருடம் எங்கள் தவளைகள் கிராமத்துத் தவளைகள். குளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடவில்லை, குறையவில்லை. கணக்கெடுப்பு 2001இலும் 2011இலும் வந்ததால் தப்பித்தது. 2005இல் வந்திருந்தால் உங்கள் 82.33 என்ன ஆகியிருக்கும்?

நொய்யல்கரை எழுதியது:

வந்திருந்தால் என்று பேச ஆரம்பித்தால் அத்தைக்கு மீசை முளைத்திருந்தால் என்றும் பேசலாம். வந்தது 2011இல். வந்த எண் 82.33. உங்களுக்குப் பேரூராட்சி வேண்டாம் என்றால் ஊராட்சியாக மாற்றச் சொல்லி மனுக் கொடுங்கள். கொடுக்க மாட்டீர்கள். பேரூராட்சி என்றால் தெருவிளக்கும் வேண்டும், குப்பை வண்டியும் வேண்டும். நிதி கேட்கும்போது மட்டும் கிராமம். போன வருடம் நாகர்கோவில் மாநகராட்சி விவாதத்தில் இதே தவளையார் "நாங்கள் நகரம், எங்களுக்கு அந்தஸ்து வேண்டும்" என்று எழுதியதை நான் மறக்கவில்லை.

தேரூர்த்தவளை எழுதியது:

அது நாகர்கோவில். இது தேரூர். நடுவில் சுசீந்திரம் இருக்கிறது. வரைபடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். அந்த விவாதத்தில் பாதியிலேயே ஓடியவர் யார் என்பதும் எனக்கு மறக்கவில்லை.

ஒட்டுப்பால் எழுதியது:

நொய்யல்கரை அண்ணே, உங்கள் மாவட்டத்து வால்பாறை என்ன? நகராட்சி. சுற்றி எங்கே பார்த்தாலும் தேயிலை. தெருவில் யானை வருகிறது. அங்கே கொழுந்து பறிக்கிறவர் நகரவாசி என்றால் உங்களுக்குக் கூச்சமில்லை. எங்கள் பால்வெட்டுக்காரர் நகரவாசி என்றால் மட்டும் நிதியை நிறுத்து என்கிறீர்கள். உங்கள் 75.73இல் எத்தனை கூடை தேயிலை இருக்கிறது?

நொய்யல்கரை எழுதியது:

வால்பாறையை ஏன் இழுக்கிறீர்கள்? அது வேறு.

ஒட்டுப்பால் எழுதியது:

எப்படி வேறு?

நொய்யல்கரை எழுதியது:

அது மலை.

டெல்டாக்காரன் எழுதியது:

குமரியில் இருக்கும் பேச்சிப்பாறை என்ன பள்ளத்தாக்கா? இருக்கட்டும், எனக்கு ஒரு குறை. தமிழ்நாட்டில் 2011 கணக்கில் 15,979 கிராமம். அதில் ஆள் குடியிருப்பது 15,049இல்தான். மீதி 930 இடத்தில் மனுஷ வாடையே இல்லை, இருந்தும் பட்டியலில் கிராமம். ஆளில்லாத பொட்டல் கிராமம், ஆள் நிறைந்த தேரூர் கிராமம் இல்லை. இதைக் கேட்க யாருமில்லை, பால் எந்த மாதம் வரும் என்று மூன்று மணி நேரமாகப் பேசுகிறீர்கள்.

ரிட்டயர்டு வாத்தியார் எழுதியது:

டெல்டாக்காரரே, அது வருவாய்க் கிராமம், நிலக் கணக்குக்காக வருவாய்த் துறை பிரித்து வைத்தது. ஊராட்சி வேறு, வருவாய்க் கிராமம் வேறு, நாம் ஊர் என்று சொல்வது வேறு. மாநிலத்தில் ஊராட்சியே பன்னிரண்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம்தான். இந்த அடிப்படை தெரியாமல் நாற்று நட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

குமரியைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாவும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அதுவரை திருவிதாங்கூர், அப்புறம் திருவிதாங்கூர் கொச்சி. எங்கள் ஊர் அமைப்பே தனி. உங்கள் ஊரில் தெருத் தெருவாக ஒட்டி வீடு, ஊரைத் தாண்டினால் பொட்டல். எங்கள் மேற்குப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு தோப்பு, ஓர் ஊர் எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்று தபால்காரருக்குத்தான் தெரியும். மாவட்டம் முழுக்கச் சராசரியாகச் சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். அதிலும் பெரிய காடு இருக்கிறது, அதைக் கழித்தால் இன்னும் நெருக்கம். கணக்கெடுப்புக்காரனுக்கு இது நகரமாகத்தான் தெரியும். ஆனால் அடிப்படைக் காரணம் அந்த 4.

முஞ்சிறை அக்கா எழுதியது:

வாத்தியார் சார், நீங்கள் இப்போது சொன்னது நல்ல விஷயம். கடைசி வரியைத் தவிர. களியக்காவிளையில் வந்து நில்லுங்கள். இந்தப் பக்கம் பேரூராட்சி. எல்லையைத் தாண்டினால் அதே தென்னை, அதே வீடு, கேரளத்து ஊராட்சி. அங்கே பேரூராட்சி என்ற அடுக்கே கிடையாது. அதனால் கேரளத்தில் 2011இல் இருந்த 520 நகரத்தில் 461 கணக்கெடுப்பு நகரம். தமிழ்நாட்டில் 1,097 நகரத்தில் 376தான் அப்படி. அங்கே அளந்து பார்த்து நகரம், இங்கே பெரும்பாலும் அறிவித்து நகரம்.

1958 பஞ்சாயத்துச் சட்டத்தில் நகரப் பஞ்சாயத்து ஆக 5,000 பேரும் வருடத்துக்கு 10,000 ரூபாய் வருமானமும் போதும். அன்றைய பத்தாயிரம்தான், ஆனாலும் யோசியுங்கள்.

இதில் வலி எங்கே என்றால், கணக்கெடுப்பு நகரம் ஆனாலும் அது ஊராட்சிதான், 100 நாள் வேலை அங்கே நடந்தது. பேரூராட்சியில் கிடையாது. எங்கள் தெரு ஊராட்சி, அடுத்த தெரு பேரூராட்சி. இந்தப் பக்கத்துப் பெண்கள் மண்வெட்டியோடு போனார்கள், அந்தப் பக்கத்துப் பெண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். இரண்டு வீட்டிலும் ஒரே அளவு தேங்காய்தான் விழுகிறது.

நொய்யல்கரை எழுதியது:

2001இல் குமரியில் நகரம் 65 சதவீதம் சொச்சம். 2011இல் 82.33. பத்து வருடத்தில் பதினேழு சதவீதப் புள்ளி கூடியிருக்கிறது. அக்கா சொல்கிறபடி எல்லாம் பழைய அறிவிப்பு என்றால் இது எப்படிக் கூடியது? அறிவிப்புகள் குட்டி போட்டனவா?

ரிட்டயர்டு வாத்தியார் எழுதியது:

அப்படிக் கேளுங்கள்! அந்தப் பதினேழும் 4. நான் முதலிலேயே சொன்னேன்.

முஞ்சிறை அக்கா எழுதியது:

கூடியது கணக்கெடுப்பு நகரங்களால்தான், அது சரி. மாநிலத்திலேயே 2001இல் 832 நகரம், 2011இல் 1,097. அறிவிக்கப்பட்ட நகரம் இரண்டு முறையும் அதே 721. கூடிய 265ம் கணக்கெடுப்பு நகரம். ஆனால் சார், 2011க்கான அந்தப் பட்டியல் நீங்கள் வீடு ஏறுவதற்கு முன்பே தயாராகிவிட்டது. 2001 கணக்கில் 4,000 பேருக்குக் குறையாமல் இருந்து மற்ற இரண்டு நிபந்தனையும் பொருந்திய கிராமங்களை எடுத்துக்கொண்டார்கள், பத்து வருடத்தில் 5,000 ஆகிவிடும் என்று. எந்த ஊர் நகரம் என்று முடிவு செய்ததில் நீங்கள் 2011இல் போட்ட 4க்கு எந்தப் பங்கும் இல்லை. 2001இல் யாரோ போட்ட எண்தான்.

ரிட்டயர்டு வாத்தியார் எழுதியது:

2001இலும் நான்தான் போனேன்.

டெல்டாக்காரன் எழுதியது:

😂😂😂

ஒட்டுப்பால் எழுதியது:

அப்போதும் அதே வாளியா?

நெறியாளர் எழுதியது:

தனிமனிதத் தாக்குதல் வேண்டாம். சாதிவாரிக் கணக்கு பற்றி எழுதப்பட்ட இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன், அதற்குத் தனி இழை இருக்கிறது. கன்னியாகுமரியா, கன்யாகுமரியா, ஆங்கிலத்தில் எத்தனை 'n' போட வேண்டும் என்ற சண்டையையும் சேர்த்தே நீக்கினேன்.

ரிட்டயர்டு வாத்தியார் எழுதியது:

நீக்கியதில் ஒன்று என் பதிவு. அதில் சாதி எதுவும் இல்லை. கணக்கெடுப்பு வேலைக்கு எனக்குப் படிப்பணம் எவ்வளவு கொடுத்தார்கள், அதை வாங்க ஓர் அலுவலகத்துக்கு எத்தனை முறை நடந்தேன் என்றுதான் எழுதியிருந்தேன். ஒரு கையெழுத்துக்காக ஏழு முறை. ஏழாவது முறை அந்த எழுத்தர் "நீங்கள் எந்த ஊர் சார், கிராமமா டவுனா?" என்று கேட்டார். நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்?

தேரூர்த்தவளை எழுதியது:

4 என்று சொல்லியிருப்பீர்கள்.

ரிட்டயர்டு வாத்தியார் எழுதியது:

நீங்கள் என் பக்கம் என்று நினைத்தேன், தவளையாரே. போகட்டும். அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1ஐ வைத்து எடுக்கப் போகிறார்கள், எல்லாம் மொபைலில். படி ஏறுகிற பிள்ளைகளுக்கு ரப்பருக்கும் மரச்சீனிக் கிழங்குக்கும் வித்தியாசம் தெரியுமா என்று பார்ப்போம். 82.33 எங்கே போய் நிற்கிறது என்றும் பார்ப்போம்.

நொய்யல்கரை எழுதியது:

90ஐத் தாண்டினாலும் கிராமச் சாலை கேட்பீர்கள். 82.33க்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

முஞ்சிறை அக்கா எழுதியது:

பதில் மூன்று முறை எழுதிவிட்டேன். மேலே போய்ப் படியுங்கள். எனக்கு அடுப்பில் வேலை இருக்கிறது.

ஒட்டுப்பால் எழுதியது:

வாத்தியார் சாரே, பிப்ரவரியா ஜூனா?

ரிட்டயர்டு வாத்தியார் எழுதியது:

என் பழைய டைரி பரண் மேல் இருக்கிறது. நாளைக் காலை எடுத்துப் பார்த்துவிட்டு விரிவாக எழுதுகிறேன். அதுவரை யாரும் இந்த இழையை மூட வேண்டாம்.

ஒட்டுப்பால் எழுதியது:

காலை எத்தனை மணிக்கு? ஏழா, பத்தா?